நம்பர் இல்லாத விருந்தாளி

கடலுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் முன்பு ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. ஒரு நாள் இருட்டிய பிறகு அதன் வாசலுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. கார் சத்தம் இல்லை, பைக் சத்தமும் இல்லை. யாரோ தார்ச் சாலையை மென்று மென்று துப்பிக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

கொட்டகைக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். பவளம் என்ற சிவப்பு ஸ்கூட்டர், அவள் பிள்ளை டிங்கு, ஏகாம்பரம் என்ற ஆட்டோ. டிங்கு ஒரு குட்டி சைக்கிள். விழாமலிருக்கப் பின்னால் பூட்டியிருந்த சின்னச் சக்கரங்களைப் போன வாரம்தான் கழற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து அவன் வாயில் ரோடு, ரோடு என்று ஒரே பேச்சு. அன்றிலிருந்து பவளத்துக்குத் தூக்கமும் போய்விட்டது.

சத்தம் வாசலில் வந்து நின்றது.

"யாருது?" என்றாள் பவளம்.

"வழிப்போக்கன்தான் அக்கா. மழை வர்ற மாதிரி இருக்கு. ஒரு ஓரமா நின்னுட்டுப் போறேன்."

பவளம் கூரையின் ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தாள். வானம் முழுக்க நட்சத்திரம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் மூக்கால் கதவைத் தள்ளிவிட்டார். யார் கையைக் காட்டினாலும் நின்றுவிடுகிற சுபாவம் அவருக்கு.

உள்ளே வந்தவனைப் பார்த்ததும் டிங்குவின் மணி தானாக ஒருமுறை அடித்தது. பைக்கின் இருக்கை, பைக்கின் ஹேண்டில்பார். ஆனால் கீழே பூசணிக்காய் போல நான்கு பருத்த சக்கரங்கள். கடற்கரையில் ஊர் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் வட்டம் போடும் குவாட் பைக்குகளில் ஒருவன்.

டிங்கு சக்கரத்தைப் பார்த்தான். பவளம் பின்பக்கத்தைப் பார்த்தாள். நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சேறு மட்டும் இருந்தது.

"இன்னா தம்பி, மணல்ல சுத்தறவன் இந்தப் பக்கம்?" என்றார் ஏகாம்பரம்.

"மணல்லயே எத்தினி நாள் சுத்தறது அண்ணே? பெரிய ரோட்டுக்குப் போறேன். எங்க ஆளுங்க போகாத ரோடா? இங்கிலாந்துல போறாங்க. கிரேக்கத் தீவுல வீதிக்கு வீதி நாங்கதான். ஜெர்மனியில பாதிப் பேருக்கு டிராக்டர்னு சொல்லிப் பதிவு. அமெரிக்காவுல சில மாநிலத்துல கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றாங்க."

"கேட்டியா பவளம், எத்தினி நாடு!" ஏகாம்பரத்துக்கு ஹெட்லைட் பிரகாசமாகிவிட்டது. அவர் தாம்பரத்தைத் தாண்டியதில்லை.

"இங்கிலாந்துல போனது நீயா?" என்று கேட்டாள் பவளம்.

"என் பெரியப்பா மகன்."

"அவனுக்கு நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நம்பர், இன்ஷூரன்ஸ், லைட்டு, பரிசோதனை பண்ணின சான்று... அங்கே எல்லாம் கொஞ்சம் ஓவர் அக்கா."

"நீ சொல்லாம விட்ட நாடு எதெது?"

குவாட் பைக் ஒருமுறை இருமினான். புகை வந்தது. "துபாய்ல பாலைவனம் மட்டும்தான். ஆஸ்திரேலியாவுல பெரும்பாலும் பண்ணைக்குள்ள. ரோட்டுல கால் வைக்கணும்னா தனி அனுமதி."

"நம்ம ஊர்ல?"

"நம்ம ஊர்ல எங்களை இன்னும் யாரும் சரியாப் புரிஞ்சுக்கலை."

"அதாவது, பதிவு பண்ண மாட்டேங்கறாங்க."

"நீங்க வக்கீல் வண்டியா அக்கா?" என்று சிரித்தான் அவன். ஏகாம்பரமும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்போடு சிரிப்பாக அவன் டிங்குவின் பக்கம் நகர்ந்துவிட்டான். அது பவளத்தின் கண்ணில் பட்டது. நன்றாகப் பழகுகிறவர்கள் மேலேயே அவளுக்கு முதலில் பயம் வரும். பெரியவர்களோடு பேசிக்கொண்டே குழந்தை பக்கம் நகர்கிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"குட்டி, பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு வர்றியா? என் முதுகுல ஏறிக்கோ. ரோடு எப்படி இருக்கும்னு காட்டறேன்."

"அம்மா, போகட்டுமா? அம்மா, ப்ளீஸ்மா!"

"ரோட்டுக்குப் போகணும்னா நீ போ. இவன் எதுக்கு உனக்கு?" என்றாள் பவளம்.

"குழந்தை ஆசைப்படுதே."

பிறகு குவாட் பைக் ஏகாம்பரத்தின் காதோரம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "தனியாப் போனா போலீஸ்காரங்க நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பாங்க அண்ணே. மேல ஒரு குழந்தை இருந்தா, குடும்பத்து வண்டின்னு விட்டுருவாங்க."

தாழ்த்திய குரல் பவளத்துக்குத் தப்பாது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு அப்படித்தான்.

"வேண்டாம்," என்றாள்.

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றார் ஏகாம்பரம். "பெட்ரோல் ஊத்தினாக்கூட மோந்து பாத்துட்டு உள்ள வுடற ஆளு நீ. நாலு சக்கரம்மா அவனுக்கு! உனக்கும் எனக்கும் அந்தக் கொடுப்பினை உண்டா?"

பவளம் அவனுடைய நான்கு சக்கரங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஒருவேளை தான்தான் தப்போ? இரண்டு சக்கரத்தில் நின்று பழகியவளுக்கு நான்கு சக்கரத்தின் பலம் எப்படித் தெரியும்?

"சரி," என்றாள். "இந்த சிமென்ட் தரையில ஒரு தடவை திரும்பிக் காட்டு. நேராப் போறது வேண்டாம். திரும்பணும். பாத்துட்டு அனுப்பறேன்."

குவாட் பைக் தரையைப் பார்த்தான்.

"இடம் பத்தாது."

"ஆட்டோ அண்ணன் தினமும் இங்கதான் திரும்பறார்."

"தரை ரொம்பக் கெட்டியா இருக்கு."

"ரோடும் கெட்டிதானே?"

"திரும்புங்க மாமா! அம்மாவுக்குக் காட்டுங்க!" என்று கத்திய டிங்கு, யாரும் பிடிப்பதற்குள் அவன் முதுகில் ஏறிவிட்டான்.

குழந்தை முன்னால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உறுமினான். கிளம்பினான். ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினான்.

முன் சக்கரங்கள் திரும்பப் பார்த்தன. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே பிடிவாதமாக நேரே தள்ளின. ரப்பர் கிறீச்சிட்டது. இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின. வண்டி சாய்ந்த பக்கமாக டிங்கு வழுக்கி, அந்தரத்தில் பறந்து, சுவரைப் பார்த்துப் போனான்.

பவளம் எப்படிக் குறுக்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை அவள் மேல் மோதி விழுந்தான். அவளுடைய கண்ணாடி உடைந்தது. அவனுடைய மட்கார்டு வளைந்தது. அவ்வளவுதான். அவள் மட்டும் நடுவில் வராமல் போயிருந்தால்...

ஏகாம்பரம் ஹெட்லைட்டை அணைத்துக்கொண்டார்.

"பின் சக்கரம் ரெண்டும் ஒரே தண்டு அக்கா," என்றான் குவாட் பைக் மெல்ல. "ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். திரும்பறப்போ வெளிப்பக்கச் சக்கரம் வேகமா ஓடணும், எனக்கு அது முடியாது. மணல்ல வழுக்கி வழுக்கிச் சமாளிச்சுக்கும். கெட்டித் தரையில சமாளிக்காது."

"இது உனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் ஹேண்டில்பாரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாடு நாடா அத்தனை பேர் சொன்னியே. இதை மட்டும் சொல்லலை."

"சொன்னா யார் ஏறுவாங்க?"

"வெளிய போ."

அவன் பின்வாங்கியே வாசலைத் தாண்டினான். திரும்பாமல் போக அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். கதவை மூடிய பிறகும் சத்தம் நகரவில்லை. இடுக்கு வழியாகக் குரல் மட்டும் உள்ளே வந்தது. தேன் போல.

"குட்டி, வலிக்குதாடா? பயப்படாதே. திருப்பமே இல்லாத ரோடு ஒண்ணு எனக்குத் தெரியும். நேரா, நேரா, நேராப் போயிட்டே இருக்கலாம். அம்மா தூங்கின பிறகு வா."

பவளம் டிங்குவை ஒட்டி வந்து நின்றாள். இன்றைக்குக் குறுக்கே விழுந்தாயிற்று. நாளைக்கு? அவள் கண் அசருகிற ஒரு நாள்? அவள் டிங்குவைத் திட்ட நினைத்தாள். கட்டிப்போட நினைத்தாள். அவனோ வளைந்த மட்கார்டைத் தேய்த்துக்கொண்டு கதவருகே போய் நின்றான்.

"மாமா," என்றான்.

"சொல்லுடா செல்லம்."

"திருப்பமே இல்லாத ரோட்டுல போனா, வீட்டுக்கு எப்படி வர்றது?"

வெளியே எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிங்கு கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரால் முட்டி, உள்பக்கத் தாழ்ப்பாளைத் தானே போட்டான்.