காளைக்கு வந்த தீனி

சத்தியமாச் சொல்றேன், ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் மீசைய எடுத்துருங்க!

பண்ணையார் சோலையப்பன், சமையக்காரி மூக்காயியக் கூப்பிட்டு, "மளிகைக் காசு இனிமே பாதிதான். ஆனா வீட்டாளுக என் ஜல்லிக்கட்டுக் காளை கணக்காத் திடமா இருக்கணும். இல்லேன்னா ஒனக்கு வேலை கெடையாது"ன்னாரு.

காலையில பருத்திப்பால், மதியம் கொள்ளு ரசம், ராத்திரி கம்பங்கூழு. ஒரே மாசத்துல வீடே தெம்பாயிருச்சு.

பண்ணையாருக்கு ஆச்சரியம் தாங்கல. "பாதிக் காசுல எப்படிடி? எந்தக் கடையில வாங்குன?"

"கடைக்கு எதுக்குங்கய்யா போகணும்? காளைக்கு வாங்குன பருத்திக்கொட்டை, கொள்ளு, கம்பு மூட்டையில அள்ளிக்கிட்டேன்."

"மாட்டுத் தீனியவாடி எனக்குப் போட்ட?"

"காளை கணக்கா இருக்கணும்னு நீங்கதானய்யா சொன்னீக? அது தீனிக்கு மட்டுந்தான் நீங்க காசக் கொறைக்கல."

பண்ணையாரம்மாவே சிரிச்சுட்டாக. மறுநாளே மளிகைக் காசு பழையபடி வந்துருச்சு. ஆனா, மனுசன் பருத்திப்பால மட்டும் விடல!

கத கேட்டாச்சுல்ல? வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம நம்ம கடையில ஆளுக்கொரு வடை எடுங்க!