எதிர் இலை

"சாமி, நம்ம மடத்துச் சமையல்கட்டுல ஓரவஞ்சனை நடக்குது" என்றார் தாண்டவராயன்.

குரு அவரைவிட வயதில் இளையவர். விசிறியைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

"எனக்கும் சர்க்கரை, அழகேசனுக்கும் சர்க்கரை. ரெண்டு பேரும் திங்கிறது மடத்துச் சோறுதான். இன்னிக்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாரு. அவனுக்கு அடங்கியிருக்கு. எனக்கு எகிறிக் கிடக்கு."

"அதனால?"

"மாசி நடைப்பயணத்துக்கு உங்ககூட அவன் வரலாமாம். நான் மடத்துலயே கிடக்கணுமாம்."

வருஷா வருஷம் குருவின் பக்கத்தில் நடந்தவர் தாண்டவராயன். அந்த இடத்தில் நேற்று வந்த அழகேசன் நடக்கப் போகிறான். நினைத்தாலே வயிறு எரிந்தது. சர்க்கரை ஏறியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"அழகேசன் எப்படிச் சாப்பிடுறாரு?"

தாண்டவராயன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்.

"எனக்கு எதிர் இலைதான் அவனுக்கு. சோறு விழுந்ததும் தொடமாட்டான். முதல்ல கீரை. அப்புறம் கூட்டு. அப்புறம் பயறுச் சுண்டல். இலையோட மேல்பாதியைக் காலி பண்ணிட்டுத்தான் சோத்துல கை வைப்பான். அதையும் ஊறுகாய் மாதிரி தொட்டுத் தொட்டுத் திம்பான். ரெண்டாவது தடவை வாளி வரும்போது அவன் இலையில சோறு அப்படியே இருக்கும். தாண்டிப் போயிடுவாங்க."

"நீங்க?"

"நான் எப்பவோ முடிச்சிருப்பேன். கடைசி ஆள் முடிக்காம யாரும் எழக்கூடாதுங்கிறது நம்ம வழக்கம். அந்தக் கடைசி ஆள் அவன்தான். அதுவரைக்கும் என் இலை வெறுமையா இருக்கக் கூடாதுன்னு மறுபடி மறுபடி சோத்தைக் கொட்டுறாங்க. அவனாலதான் சாமி எனக்கு ஏறுது!"

குரு சிரிக்கவில்லை.

"இன்னிக்கு உங்க இலையில என்ன இருந்துச்சு?"

"சோறு."

"வேற?"

தாண்டவராயன் யோசித்தார். கூரையைப் பார்த்தார்.

"சாம்பார் ஊத்தியிருப்பாங்க. வேற ஒண்ணும் இல்ல. கீரையும் கூட்டும் அவனுக்குத்தானே!"

"நாளைக்குப் பந்தியில சுவரைப் பார்த்து உட்காருங்க" என்றார் குரு.

மறுநாள் தாண்டவராயன் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. பின்னால் அழகேசன் நிதானமாக மென்றுகொண்டிருப்பான். என்னத்தைத் தின்கிறானோ!

கழுத்து தானாகத் திரும்பியது. குரு பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மறுபடி சுவருக்கே போனது.

சுவரில் ஒரு பல்லிகூட இல்லை.

வேறு வழியில்லாமல் குனிந்து தன் இலையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் சோற்று வாளி வந்தது. பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்தார். இலையின் மேல்பாதி காலியாகியிருந்தது; சோறு வைத்தபடியே இருந்தது. தாண்டிப் போனார்.

"சாமி!"

தாண்டவராயன் போட்ட சத்தத்தில் பந்தியே திரும்பியது.

"எனக்கும் கீரை வெச்சிருக்காங்க!"