பிரிக்காமல் கொடுத்த முடிச்சு

அந்தக் காலத்தில் புல்லுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்புக்கும் குறைவில்லை. மலையடிவாரத்துச் செம்மண் மேட்டில் ஒரு புல் கூட்டம் குடியிருந்தது. அதில் நாணி என்று ஒருத்தி.

புல்லினத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புல்லின் மடியிலும் ஒரு முடிச்சு இருக்கும். எவ்வளவு உயரம் வளர்வது, எப்போது கதிர் விடுவது, வேரில் என்ன சமைத்துக் கசியவிடுவது, எல்லாம் அதற்குள்தான். அள்ளிக் கொடுத்தாலும் குறையாத சரக்கு. பூக்கும் காலத்தில் அப்பன் தன் முடிச்சைப் பிரித்துச் சரிபாதியைக் காற்றிடம் கொடுப்பான். ஆத்தாளும் தன் பங்குக்குப் பாதியை எடுத்து வைப்பாள். இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு முழு முடிச்சு. இந்த வழக்கத்தில் யாரும் கை வைத்ததில்லை.

நாணிக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. மழை விட்டதும் மண்ணுக்குள்ளிருந்து பூஞ்சணம் கிளம்பும். இளம் வேரைக் கருக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அதற்கும் வயிறு இருக்கிறது, என்ன செய்யும். ஆனால் பெற்றவளிடம் இந்த நியாயம் எடுபடுமா? கருகிக் கிடந்த குருத்துகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

கூதல் அடித்த ஒரு பருவத்தில் அவள் மறுபடி பூத்தாள். அவள் புருஷன் மேட்டின் அந்தப் பக்கம் நின்றான். நாணி காற்றைக் கூப்பிட்டாள்.

"அவர்கிட்ட முடிச்சைப் பிரிக்க வேணாம்னு சொல்லு. முழுசா வாங்கிட்டு வா. நானும் பிரிக்கப்போறதில்ல."

காற்று தயங்கியது. "புள்ளைக்கு ரெண்டு முடிச்சு ஆயிடுமே. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா நம்ம சனத்தோட எப்படிப் பொருந்தும்?"

"முதல்ல உயிரோட இருக்கட்டும்" என்றாள் நாணி.

காற்று அப்படியே செய்தது. பெண் பிறந்தது. இலை அகலம், தண்டு பருமன், வளர்த்தி மட்டும் மந்தம். ஊர் அவளைத் தடிச்சி என்றே கூப்பிட்டது. நாணிக்கு அந்தப் பெயர் கேட்கக் கேட்க இனித்தது. இந்த உடம்பைப் பூஞ்சணம் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் நினைப்புத் தப்பு. பூஞ்சணத்துக்குத் தடித்தது மெலிந்தது என்ற பேதம் கிடையாது. தடித்ததில் சாப்பாடு கூடுதல், அவ்வளவுதான்.

விஷயம் நடந்தது வேரடியில். மடியில் இரண்டு முடிச்சு இருந்தால் எதைப் பார்த்துச் சமைப்பது? தடிச்சி இரண்டையும் பார்த்துச் சமைத்தாள். ஒன்றில் பழைய பக்குவத்தை விடாமல் வைத்துக்கொண்டு, மற்றதில் கைபோன போக்கில் மாற்றினாள். கெட்டுப்போனால் முதலாவது இருக்கிறதே என்ற தைரியம். புல் வாசலை அதுவரை எட்டிப் பார்க்காத நுண்ணுயிர்ச் சனங்களெல்லாம் மணம் பிடித்து வந்தன. கண்ணுக்குத் தெரியாத சனங்கள். அவள் வேரைச் சுற்றிக் குடிசை போட்டன, தின்றன, பெருகின, போகவே இல்லை. வந்தவன் போனவனுக்கெல்லாம் வடித்துக் கொட்டினால் இவள் எப்போது கதிர் விடுவது என்று நாணி புலம்பினாள்.

மழை விட்டது. பூஞ்சணம் கிளம்பி மேட்டின் பெரும்பகுதியைக் கருக்கிவிட்டு, தடிச்சியிடம் வந்தது. நுழைய இடமில்லை. சோறு தின்ற வீட்டை விட்டுக்கொடுக்க அந்தச் சனங்கள் தயாராக இல்லை. வழியை மறித்து உட்கார்ந்துகொண்டு, காரமாக எதையோ அதன் மேல் துப்பின. பூஞ்சணம் அங்கேயே சுருண்டு செத்தது.

பிழைத்த பெண்ணுக்கு உடனே மாப்பிள்ளை வந்தான். கருகாமல் தப்பிய அத்தை மகன். அவன் அனுப்பியது அரை முடிச்சு. இவளுக்குப் பாதி என்றால் ஒரு முழு முடிச்சு. ஒன்றும் அரையும் எப்படிச் சேரும்? கதிர் முழுக்கப் பதர். அடுத்து வந்தவனோடும் அதே கதைதான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று காற்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாணிக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

"உன்னை நம்ம சனத்துக்கே ஆகாதவளாப் பண்ணிட்டேன் கண்ணு" என்று அழுதாள் நாணி.

"இருக்கேனேம்மா" என்றாள் மகள். அடுத்த பூவில் தன் பாதியோடு தன் மறுபாதியையே சேர்த்துக்கொண்டாள். கதிர் விரல் மடக்கியதுபோல் சுருண்டு மணி பிடித்தது.

கிழங்கு தோண்ட வந்த மாதம்மாள் என்ற பெண் அதைப் பார்த்து நின்றாள். சுற்றிலும் கருகிக் கிடக்க, நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று கேட்டாள். என் வேரில் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள் என்றாள் தடிச்சி. மாதம்மாளுக்கு அது விளங்கவில்லை. ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுப் பார்த்தாள், ருசி விளங்கியது. விதையை மடியில் கட்டிக்கொண்டு போய்த் தன் கொல்லையில் விதைத்தாள். கேழ்வரகு என்று பெயரும் வைத்தாள். விதையோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சனங்களிலும் சில போயின.

மகளைப் பிரிந்திருக்க நாணியால் முடியவில்லை. சம்பந்தம் இல்லாவிட்டால் போகிறது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று அவளும் அந்தக் கொல்லையிலேயே போய் முளைத்தாள்.

அன்று முதல்தான் களை எடுக்க இறங்குகிறவர்கள், கேழ்வரகைப் போலவே இருக்கும் அந்த மெலிந்த புல்லைத் தேடித் தேடிப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு, மகளின் வேருக்கு மண் அணைத்துவிட்டுப் போகிறார்கள்.