தலைக்கு எவ்வளவு எண்ணெய்?

கடலுக்கு நடுவே கீழைத்தீவு, மேலைத்தீவு என்று இரண்டு குட்டி நாடுகள். இரண்டிலும் மண்ணுக்கு அடியில் எண்ணெய். கீழைத்தீவில் கிணறுகள் அதிகம். மேலைத்தீவில் அதில் பாதிதான். ஆனாலும் மேலைத்தீவுக்குத்தான் பணக்கார நாடு என்று பேர். ஏன் என்கிறீர்களா? பத்துப் பேர் வீட்டில் இருபது இட்லி, மூன்று பேர் வீட்டில் பன்னிரண்டு இட்லி. எந்த வீட்டில் வயிறு நிறையும்? அவ்வளவுதான் விஷயம்.

இது கீழைத்தீவு ராஜா விசயகேதுவுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வருஷம் தலைக்கு எவ்வளவு எண்ணெய் என்று பார்த்துவிடுவோம். தோற்றவன் ஜெயித்தவனுக்குக் குடை பிடிக்க வேண்டும்" என்று மேலைத்தீவு ராஜாவிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்தான். ஊர் திரும்பிப் புதுக் கிணறு தோண்டினான். உப்புத் தண்ணீர் வந்தது. எண்ணெயைக் கூட்ட முடியாது, தலையையாவது குறைக்கலாமே என்று தோன்றியது பாருங்கள், அந்தப் பாவிக்கு!

வெளித்தீவில் பிறந்தவர்கள் எல்லோரும் தோணி ஏற வேண்டும் என்று பறை அறைந்தார்கள். அது புயல் மாதம். முதலில் போன தோணியின் பலகை மட்டும் கரைக்குத் திரும்பி வந்தது.

அங்கே தலை எண்ணுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. எண்ணும் நாளில், விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அகல் வாசலில் எரிய வேண்டும். கணக்கர் அகலைத்தான் எண்ணுவார், ஆளை அல்ல. வெளித்தீவில் பிறந்தவர்களுக்கு இந்த வருஷம் அகல் கிடையாது. அகலைவிட அதிகமாக ஆள் இருந்தால் காவலர்கள் இழுத்துப் போய்த் தோணியில் ஏற்றுவார்கள். பொய் அகல் ஏற்றினால் குடும்பத்தோடு கடல்தான்.

எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த முத்திருளனின் மனைவி செவந்தி மேலைத்தீவில் பிறந்தவள். நிறைமாதம் வேறு. அன்று முத்திருளன் ஒரே ஒரு அகலை ஏற்றி வைத்தான்.

"இது உனக்கு. இங்கேதான் பொறந்தேன்னு சொல்லிடு. நான் தோணி ஏறிக்கிறேன். அவங்களுக்கு ஒரு தலை குறைஞ்சா போதும்" என்றான்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? பொறக்கப்போற பிள்ளை யாரை அப்பான்னு கூப்பிடும்?" என்று செவந்தி அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய் இன்னும் இரண்டு அகல் எடுத்து வந்தாள். "ஒன்னு உங்களுக்கு. ஒன்னு எனக்கு. இது இதுக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். காவலர் வருகிறார்களா என்று தெருவை இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். மூன்றையும் ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கணக்கர் சேந்தன் வந்தார். அவள் எந்த ஊர்க்காரி என்பது அவருக்குத் தெரியும். தொகை கூடினால் தன் கதி என்ன என்பதும் தெரியும்.

"மூணு" என்று உரக்கச் சொல்லிவிட்டு நடந்தார். மூன்று அகல், இரண்டு ஆள். இழுத்துப் போகக் காவலர்களுக்கு யாரும் இல்லை.

அரண்மனையில் வகுத்துப் பார்த்தார்கள். தலைக்குக் கிடைக்கும் எண்ணெய் மேலைத்தீவைவிட இம்மியளவு குறைந்திருந்தது. "எந்த வீட்டில் கூடியது?" என்று ராஜா கத்தினான்.

சேந்தன் முன்னால் வந்து நின்றார். "எந்த வீட்டிலும் இல்லை மகாராஜா. கூடுதலாக இருப்பது என் தலைதான். எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ராஜா வாளை உருவினான்.

வாள் அப்படியே நிற்கட்டும். நீங்கள் எனக்குப் பதில் சொல்லுங்கள். பெண்டாட்டிக்காகத் தோணி ஏறத் துணிந்தான் முத்திருளன். தடையை மீறி மூன்று அகல் ஏற்றினாள் செவந்தி. யாரோ ஒருத்திக்காகக் கழுத்தை நீட்டினார் சேந்தன். இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி? அழுதுகொண்டு சொல்லாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், செவந்தி செய்ததுதான் சரி. முத்திருளன் நல்லவன், சேந்தன் அவனைவிடப் பெரிய மனசுக்காரர். ஆனால் எப்படியும் ஒரு தலை போயாக வேண்டும் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். யாருடைய தலை என்பதில்தான் அவர்களுக்கும் ராஜாவுக்கும் வழக்கு. ஒரு தலையும் கிடையாது என்றவள், பயந்து செத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒருத்திதான். மற்றவர்கள் வழியில் போனால் ராஜா வருஷா வருஷம் ஒரு தலை கேட்பான். கடைசியில் அவன் ஒருவன் மட்டும் மிஞ்சி உட்கார்ந்திருக்கும்போது, அவன் கணக்குப்படி அதுதான் உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு.