ஆறு கம்பிக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு

பனங்கொட்டான்விளைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். எங்களுக்கு மூளை ஏகத்துக்கு இருக்கிறது. அதைச் செலவழிக்க ஒரு நல்ல சந்தர்ப்பம் வாய்க்கட்டும் என்று காத்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்படி வாய்த்த சந்தர்ப்பங்களில் ஒன்று சக்கரியாஸின் கிட்டார்.

சக்கரியாஸ் எங்கள் ஊர் தேன்குழல் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். குழு என்றால் மூன்று பேர். தலைவன் எபநேசர் பாடுவான், லோடு ஆட்டோவும் அவனுடையது. மீரான் டிரம்ஸ் அடிப்பான். மூன்றாவது நம்ம ஆள். முப்பத்தாறு வயசு, தங்கமான மனசு, முன்தலையில் கொஞ்சம் வெளிச்சம். பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் செங்கல் சூளை தாசையனின் மகள் ஜெபக்கனி சம்மதிப்பாள் போல இருந்தது. தரகர் வாய் சும்மா இருந்தால்தானே. மாப்பிள்ளை கிட்டாரில் புலி என்று அளந்துவிட்டார். அப்படியானால் நிச்சயத்தன்று ஒரு பாட்டை முழுசாக வாசித்துக் காட்டட்டும், மோதிரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று ஜெபக்கனி சொல்லியனுப்பினாள்.

புலி பதுங்க இடம் தேடியது. சக்கரியாஸ் எந்தப் பாட்டிலும் முதல் சரணத்தைத் தாண்டியவன் இல்லை. அதற்குள் விரல் வீங்கிவிடும். அவன் கிட்டாரில் கம்பிகள் கட்டையை விட்டு அவ்வளவு உயரத்தில் நின்றன. நடுவில் ஒரு பல்லி குடும்பத்தோடு குடியிருக்கலாம். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அடுத்ததாகத் தன்னைப் பார்க்க வருகிறவர்கள் டாக்டர்களாகத்தான் இருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

பக்கத்து ஊர் மைக்செட் இன்னாசி விவரமானவர். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி தூக்கிட்டு நிக்கு. அதைக் கீழ இறக்கணும். நாகர்கோவில்ல லூர்தையன்னு ஒருத்தர் செட்டிங் பண்றாரு, அவர்ட்ட கொண்டு போங்க. போறதுக்கு முன்ன நாலு இடத்துல ரேட்டு விசாரிங்க, இல்லன்னா தலையில மிளகாய் அரைச்சிருவாங்க. அங்க போனதும் விலையை நீங்க முதல்ல வாய்விட்டுச் சொல்லிராதீங்க."

மூவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். கம்பியைக் கீழே இறக்க நாகர்கோவில் வரைக்கும் எதற்குப் போக வேண்டும் என்று மீரானுக்கு ஒரு யோசனை. வீட்டிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கம்பிகளின் மேல் வைத்தான். கம்பி சொன்னபடி கேட்டு இறங்கியது. குழவியை எடுத்ததும் ஏறிக்கொண்டது. அப்படியானால் குழவியோடேயே வாசித்துவிடலாமே என்று எபநேசர் தீர்ப்புச் சொன்னான். சக்கரியாஸ் மடியில் கிட்டாரும் கிட்டார் மேல் குழவியுமாக உட்கார்ந்து பார்த்தான். குழவி உருண்டு காலில் விழுந்தது. அன்றிலிருந்து தொழில் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே முறை என்று முடிவாயிற்று.

மறுநாள் ரேட்டு விசாரிக்கக் கிளம்பினார்கள். நாலு இடம் என்றுதானே இன்னாசி சொன்னார், எந்த இடம் என்று சொல்லவில்லையே. சலூனில் கேட்டார்கள். சைக்கிள் கடையில் கேட்டார்கள். தையல் கடையில் கேட்டார்கள். நாலாவதாகப் பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர். எதைக் கேட்கிறார்கள் என்று புரியாவிட்டாலும் பல் பிடுங்குகிற ரேட்டைச் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் சக்கரியாஸின் வாயிலிருந்த பற்களெல்லாம் ஒரு தடவை கூசின.

அன்று சாயங்காலம் லோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து மூவரும் ஆலோசித்தார்கள்.

"குறைக்கிற வேலைக்கு எதுக்குலே காசு?" என்றான் எபநேசர். "உயரத்தைக் கூட்டித் தந்தா குடுக்கலாம். நம்மகிட்ட இருக்கதை எடுத்துக்கிறதுக்கு அவருல்லா நமக்குத் தரணும்."

"சலூன்லயும் முடியைக் குறைக்கத்தான் செய்யான். நாம குடுக்கத்தானே செய்யோம்" என்றான் மீரான்.

"பல் டாக்டரும் குறைக்கத்தான் செய்யாரு. பின்ன அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" என்றான் எபநேசர்.

மீரான் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "முடி திரும்ப முளைக்கும். அடுத்த மாசமும் நாம வருவோம்னு சலூன்காரனுக்குத் தெரியும், அதான் கொறச்சு வாங்குறான். பல்லு முளைக்காது. டாக்டர் கிடைச்ச அன்னைக்கே வாங்கிக்கிட வேண்டியதுதான்."

சக்கரியாஸுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படிப்பட்டவர்களோடு பழகக் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று நெகிழ்ந்துபோனான். "அப்போ கம்பி திரும்ப ஏறுமா ஏறாதான்னு கேட்டா போதும்" என்றான். ஏறும் என்றால் சலூன் ரேட்டு, ஏறாது என்றால் பல் ரேட்டு. சைக்கிள் கடையையும் தையல் கடையையும் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாததால் மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

லூர்தையன் கொஞ்சம் முன்கோபி. கடைக்குள் மூன்று பேர் வந்து கிட்டாரை மேஜையில் வைத்துவிட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு வரிசையாக நின்றதும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன வேலை என்று கேட்டார். பதில் இல்லை. விலைதானே முதலில் வாயிலிருந்து வரக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று யார் கண்டது? எங்கள் ஊர்க்காரர்கள் அந்த அளவுக்குத் தங்களை அறிந்தவர்கள். வாய் பேச முடியாதவர்கள் போலிருக்கிறது, பாவம் என்று இரக்கப்பட்டு லூர்தையன் நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார். டீயை மூக்கு வழியாகக் குடிக்க முடியாது அல்லவா. மூவரும் டம்ளரைக் கையில் பிடித்தபடி ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவரே கிட்டாரைத் தட்டிப் பார்த்து, புதுக் கம்பி, கழுத்தை நிமிர்த்துவது, அடிக்கட்டையைத் தேய்ப்பது, சுருதி பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ஆகும் என்றார்.

"அண்ணாச்சி, இறக்குன கம்பி திரும்ப ஏறுமா?" என்றான் எபநேசர்.

லூர்தையன் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். பிறகு, மழைக்காலத்தில் மரம் ஊறும், கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்றார். மூவரும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். எபநேசர் சலூன் ரேட்டை எண்ணி மேஜையில் வைத்தான்.

அதற்குப் பிறகு லூர்தையன் பேசியதை முழுதாக எழுத முடியாது. நடுவில் கிட்டாரின் கழுத்து இப்படி வில்லாக வளைய என்ன காரணம் என்று கேட்டார். மீரான் பெருமையோடு சொன்னான். கச்சேரியில் ஆட்டோவிலிருந்து மேடைக்குப் போகும்போது கிட்டாரின் அந்த முனையில் ஒரு ஸ்பீக்கரும் இந்த முனையில் ஒரு ஸ்பீக்கரும் தொங்கவிட்டு, காவடி மாதிரி தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். தனியாகக் கூலியாள் வைப்பதில்லை. லூர்தையன் கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொன்னார்.

அப்போதுதான் சக்கரியாஸ் முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. "எனக்குக் கல்யாணம் ஆகணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி, நிச்சயத்துக்குக் கோட்டு தைக்க வைத்திருந்த பணம் முழுவதையும் மேஜையில் வைத்தான். லூர்தையனுக்கும் மனசு இளகிவிட்டது. கோபம் தணியாமலேயே, வேலையை மட்டும் சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

நிச்சயத்தன்று தாசையன் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சக்கரியாஸ் பழைய சட்டையோடு நடுவில் உட்கார்ந்து வாசித்தான். கம்பி வெண்ணெயாக அமுங்கியது. முதல் சரணம் போனது, இரண்டாவதும் போனது. விரல் வீங்கவில்லை. பாட்டு முடிந்தபோது தான்தான் முடித்தோம் என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. பந்தலில் கைதட்டினார்கள். ஜெபக்கனி மட்டும் தட்டவில்லை. அவள் முழு நேரமும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல இருக்க மூணு தடிக் கம்பியை நீங்க தொடவே இல்லையே" என்றாள்.

சக்கரியாஸ் கையைக் கிட்டாரிலிருந்து எடுத்துக்கொண்டான். உண்மைதான். கிட்டார் வாங்கிய நாளிலிருந்து தடிக் கம்பி விரலை அறுக்கும் என்று பயந்து மெல்லிய மூன்றிலேயே அவன் காலத்தை ஓட்டியிருந்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், எனக்கு அந்த மூன்றும் வாசிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். எபநேசர் மெல்ல எழுந்து ஆட்டோ சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"செட்டிங்குக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள் ஜெபக்கனி.

"ஆயிரத்து இருநூறு."

"ஆறு கம்பிக்கும் சேர்த்தா குடுத்தீங்க?"

சக்கரியாஸ் நிமிர்ந்து பார்த்தான். எபநேசரும் மீரானும் வாயைப் பிளந்தார்கள். நாலு இடத்தில் விசாரித்தும் இந்தக் கேள்வி ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லையே. அவ்வளவு பெரிய சபையில் தன் மகள் பேசியதைக் கேட்டு தாசையன் பூரித்துப்போனார். தோளில் கிடந்த துண்டை உதறி இடுப்பில் கட்டினார்.

"வண்டிய எடுங்கப்பா. அறுநூறு ரூவா என்ன சும்மாவா?"

மோதிரம் போடுவதை அப்படியே நிறுத்திவிட்டு, சூளை லாரியில் இரண்டு வீட்டுச் சனமும் ஏறிக்கொண்டது. ஜெபக்கனி பட்டுச் சேலையோடு முன்சீட்டில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு. லூர்தையன் தன் கடை வாசலில் லாரியிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தார், அவர்களில் அந்த மூன்று முகங்களையும் பார்த்தார். ஜெபக்கனி கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் அறுநூறை எடுத்து நீட்டினார். போனால் போதும் என்று அவருக்கு. பணத்தை வாங்கிக்கொண்ட பின் பொருளை வைத்திருப்பது முறையில்லை என்று ஜெபக்கனி அந்த மூன்று தடிக் கம்பிகளையும் கழற்றச் சொல்லி அவரிடமே ஒப்படைத்தாள். மோதிரம் அங்கேயே, கடை மேஜை முன்னால் போட்டாயிற்று. இப்படி நேர்மையான குடும்பத்தில் பெண் கிடைத்ததே என்று சக்கரியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டோக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மாப்பிள்ளை கிட்டாரோடு நின்றால் ஜோராக இருக்கும், ஆனால் மூன்று கம்பி கிட்டார் படத்தில் மொட்டையாகத் தெரியும், ஆறு கம்பி வேண்டும் என்றார். மறுபடியும் எபநேசரும் மீரானும் நாகர்கோவிலுக்கு ஓடினார்கள். வாடகைக்குக் கிட்டார் கிடைக்குமா என்று கேட்டார்கள். லூர்தையன் கொஞ்சமும் யோசிக்காமல் கடையின் மூலையில் கிடந்த ஓர் ஓட்டைக் கிட்டாரை எடுத்து, அந்த மூன்று தடிக் கம்பிகளை மட்டும் அதில் மாட்டிக் கொடுத்தார். ஒரு நாள் வாடகை அறுநூறு ரூபாய். கம்பிகளை எண்ணிப் பார்த்து, வீட்டில் இருக்கும் மூன்றோடு சேர்த்தால் ஆறு, கணக்கு சரியாக இருக்கிறது என்று சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்தக் கல்யாணப் படம் இன்றைக்கும் தாசையன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கழுத்தில் மாலைக்கு மேல் இந்தப் பக்கம் ஒரு கிட்டாரும் அந்தப் பக்கம் ஒரு கிட்டாருமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தபடி நிற்கிறான் சக்கரியாஸ். பக்கத்தில் ஜெபக்கனி கேமராவைப் பார்க்கவில்லை. ஒற்றை விரலை நீட்டிக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.