சாம்பல் கழுத்துக் காக்கை

காக்கைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது இங்கிலாந்து ஒரே நாடாக இல்லை. கூப்பிடு தூரத்துக்கு ஒரு ராஜா இருந்தார். அப்படி ஒரு குட்டி ராஜ்யத்தில் ராஜாவின் பெயர் ஆஸ்விக். அவருடைய சித்தப்பாதான் அங்கே தேவாலயத்து ஆயர், அதாவது பிஷப். அவர் பெயரும் ஆஸ்விக். அந்த வம்சத்தில் பெயருக்கு அவ்வளவு பஞ்சம்!

ராஜாவின் அக்கா ஹில்டித்தை ஆற்றுக்கு அக்கரையில், பகைநாட்டு அரசனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சண்டை ஓயும் என்ற நம்பிக்கைதான். ஓயவில்லை. ஒருநாள் காலை, ஜன்னலில் வந்து உட்கார்ந்த சின்னக் காக்கையிடம் அவள் ரகசியமாகப் பேசினாள்.

"ஆஸ்விக்கிடம் போய்ச் சொல். இன்று மதியம் இங்கே விருந்துக்கு வர வேண்டாம். கொன்றுவிடுவார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினால், நான்தான் சொன்னேன் என்று என் புருஷனுக்குத் தெரிந்துபோகும். அப்புறம் என் கதி அவ்வளவுதான்."

எந்த ஆஸ்விக் என்று காக்கை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குத் தெரிந்த ஆஸ்விக் ஒருவர்தான், தினமும் ரொட்டித் துணுக்குப் போடும் ஆயர்.

ஆயருக்கும் அந்த விருந்துக்கு அழைப்பு வந்திருந்தது. சேதியைக் கேட்டதும் கிழவர் வாசலுக்கு ஓடினார். கதவைத் தாழிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். தப்பித்தோம் என்று கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னார். வெயில் ஏறிய பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தார்.

"காக்கையே, அவள் யாரிடம் சொல்லச் சொன்னாள்? சித்தப்பாவிடம் என்றா?"

"இல்லை. ஆஸ்விக்கிடம் என்றுதான் சொன்னாள்."

"ஐயோ! என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லையே. பெயர் சொல்லிக் கூப்பிடுவது தம்பியை மட்டும்தான்! பற, பற! அவன் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்றோ!"

காக்கை பறந்தது. மூச்சு முட்டியது. பாலத்தில் ராஜாவைக் காணோம். தோப்பிலும் காணோம். கடைசியில் பகைவனின் மாளிகை வாசலில்தான் அவரைக் கண்டது. அப்போதுதான் அவர் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். காதோரம் போய்ச் சேதியைச் சொன்னது. ராஜா மறுபேச்சில்லாமல் மீண்டும் ஏறிக் குதிரையைத் திருப்பினார். உயிர் பிழைத்தார்.

மாடி ஜன்னலில் ஹில்டித் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஜன்னலைச் சாத்தியது.

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்று காக்கை ஆயரிடம் வந்து அழுதது.

"நீ கேட்காதது தப்பு. நான் என் உயிரை மட்டும் நினைத்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு" என்றார் ஆயர். செய்த பாவத்துக்கு வருந்தும் அடையாளமாக அடுப்புச் சாம்பலை அள்ளித் தன் நெற்றியில் பூசினார். கையில் ஒட்டியிருந்த மிச்சத்தைக் காக்கையின் பிடரியில் தடவினார். ஹில்டித்தைப் பற்றி அதன்பிறகு ஒரு சேதியும் வரவில்லை.

அந்த நாளிலிருந்துதான் அந்தச் சின்னக் காக்கைகளுக்குப் பிடரி சாம்பல் நிறமாக இருக்கிறது. தேவாலயக் கோபுரத்தில் கூடு கட்டிக்கொண்டு, கீழே எந்தப் பெண் நடந்து போனாலும் தலையைச் சாய்த்து முகத்தை உற்றுப் பார்க்கின்றன, அவளாக இருக்கக் கூடாதா என்று.