தறிக்கு இந்தப் பக்கம்

"பற்றை அறுக்கிறது எப்படி, அம்மா?" என்று கேட்டார் ரங்கநாயகம்.

பூவாத்தாள் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து வேட்டி நெய்துகொண்டிருந்தாள். குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நூல் சுத்தின அந்தத் தாரை இப்படிக் குடுங்கய்யா" என்றாள்.

எடுத்துக் கொடுத்தார்.

இருபத்து மூன்று நாளாக இதே கேள்விதான். பதிலும் ஏறக்குறைய இதேதான். ஒரு நாள் தார், ஒரு நாள் தண்ணீர்ச் செம்பு, ஒரு நாள் "செத்த நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

ரங்கநாயகம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. பூவாத்தாளுக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஞானம் கேட்டு வந்த இடத்தில் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதில் மனிதர் கறாராக இருந்தார்.

அவருடைய மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. சேலைகளைக் கொடுத்தாயிற்று. கட்டிலைக் கொடுத்தாயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியை மகன் கையில் கொடுத்தாயிற்று. அப்படியும் மாலை நாலு மணி ஆனால் காது தானாகச் சமையலறைப் பக்கம் போய்விடுகிறது. அதை அறுத்துப் போடத்தான் ஊர் ஊராக அலைந்தார். மூன்று ஆசிரமம் பார்த்தார். மூன்றிலும் சாப்பாடு நன்றாக இருந்தது. பற்று மட்டும் போகவில்லை.

மூன்றாவது ஆசிரமத்துச் சாமியார் இவர் தொல்லை தாங்காமல் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"என்கிட்ட இருந்ததெல்லாம் சொல்லியாச்சு. மலையடிவாரத்துல தறிக்காரி ஒருத்தி இருக்கா. புருஷன் போன பதினேழாம் நாள் தறியில உக்காந்தவ. ஏழு வருஷமா அவ அழுது யாரும் பார்த்ததில்லை. அறுக்கத் தெரிஞ்சவ அவதான். போய்க் கேளும்."

அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிந்தது. பூவாத்தாள் கடைசி வேட்டியை அறுத்து மடித்தாள்.

"சொசைட்டிக்குப் போயிப் புதுப் பாவு வாங்கிட்டு வந்தர்றனுங்க. வீட்டைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரங்கநாயகம் தறியைப் பார்த்தார். துணியை அறுத்த பிறகும் ஒரு முழ நீளத்துக்கு இழைகள் மிச்சம் நின்றன. மிதித்தால் ஏறி இறங்கும் விழுதின் கண்களிலும் சீப்புப் போன்ற அச்சின் பற்களிலும் ஒவ்வொன்றாக நுழைந்து, துணி இல்லாமல் சும்மா நின்றன.

முப்பத்தைந்து வருடம் கோப்பு முடித்த கை அது. வேலை முடிந்த இடத்தில் மிச்சம் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. குருவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்து அத்தனை இழையையும் உருவினார். தறியைத் துடைத்தார். உருவிய நூலைச் சுருட்டி அழகாக முடிச்சுப் போட்டு வைத்தார்.

பூவாத்தாள் வந்தாள்.

"சுத்தமா முடிச்சு வெச்சுட்டேன் அம்மா. ஒரு இழை பாக்கி இல்லை" என்றார்.

அவள் தோளிலிருந்த பாவை இறக்கினாள். வெறும் விழுதின் மேல் கையை வைத்தாள். ரொம்ப நேரம் அந்தக் கை எடுபடவில்லை.

பிறகு சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் கை சும்மா இருந்து ரங்கநாயகம் பார்த்தது அன்றுதான்.

"தப்புப் பண்ணிட்டேனா அம்மா?"

"புதுப் பாவை அந்த மிச்ச இழையிலதாங்க பிணைக்கறது. பிணைச்சு இழுத்தா விழுதுலயும் அச்சுலயும் அதுவா நுழைஞ்சு வந்துரும். இப்ப ஒவ்வொண்ணாக் கோக்கணும்."

"எத்தனை இழை?"

"ரெண்டாயிரத்து அறுநூறு."

ரங்கநாயகம் தான் சுருட்டி வைத்த நூலைப் பார்த்தார்.

பூவாத்தாள் எழுந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். சின்னக் கொக்கி ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"இது ஒத்தை ஆள் வேலை இல்லீங்க. நீங்க விழுதுக்கு அந்தப் பக்கம் உக்காந்து இழையைப் பிரிச்சு நீட்டுங்க. நான் இந்தப் பக்கமிருந்து இழுத்துக்கறேன்."

உட்கார்ந்தார்கள்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொக்கி விழுதின் கண்ணுக்குள் போகும், நீட்டிய இழையைப் பிடிக்கும், வரும். போகும், வரும். அவள் எண்ணவில்லை. வாய் முணுமுணுக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவை நின்றாள்.

"ஒரு கண்ணு விட்டுப்போச்சுங்க" என்று நாற்பது இழை பின்னால் போய் ஒரு கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அது காலியாக இருந்தது. ரங்கநாயகத்துக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையில் இழை இருந்ததால் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் கை கழுவத் தெருக்குழாய்க்குப் போனார். எதிர்வீட்டு ராமாயாள் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அந்த மகராசன் கோத்த இழையை இப்படி உருவிப் போட்டீங்களே!"

"எந்த மகராசன்?"

"பூவாத்தா புருஷன் வேலாயுதந்தானுங்க. அந்தத் தறிக்கு இழை கோத்தது அவன். மூணு நாளு உக்காந்து கோத்தான். எட்டாம் நாளு நெஞ்சு வலிக்குதுன்னு சாஞ்சவன் எந்திரிக்கலை. அன்னையிலிருந்து எத்தனை பாவு வந்திருக்கும்! ஒவ்வொண்ணையும், அவன் கோத்தது அறுபடாம, முந்தின பாவோட நுனியிலதான் அந்தப் புள்ள பிணைச்சுட்டு வந்தா. விரல்ல சாம்பலைத் தொட்டுட்டு ஒவ்வொரு இழையா முறுக்குவா பாருங்க, பிணைச்ச எடத்தை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

ரங்கநாயகம் குழாயை மூடினார்.

அறுக்கத் தெரிந்தவள் என்று தேடி வந்திருந்தார். அவள் ஏழு வருடமாகப் புருஷன் கோத்ததை அறுக்கவே இல்லை. அறுத்தது அவர்தான்.

உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். 

"ராமாயம்மா சொல்லிருச்சு. நான் கிளம்பறேன் அம்மா."

பூவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதிப் பாவு கிடக்குதுங்க. இழை யாரு நீட்டுவா?"

பையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம். இன்னும் ஒரு சாண் அகலம்தான் பாக்கி. வாசல் வெயில் விழுது வரைக்கும் வந்திருந்தது. ரங்கநாயகத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எம்மேல உங்களுக்குக் கோபமே இல்லையா அம்மா?"

"இருந்துச்சுங்க" என்றாள் பூவாத்தாள். "மொத நாளு உங்களைத் தூக்கி இந்தக் குழிக்குள்ள போட்டு மூடிரலாம்னு இருந்துச்சு."

கொக்கி போனது, வந்தது. பத்து இழை தாண்டியது.

"நேத்து மத்தியானத்துக்கு மேல போயிருச்சு."

"எப்படிம்மா?"

கொக்கி நின்றது.

"அவரு கோத்தப்ப இழை நீட்டினது நானுங்க. நீங்க இருக்கற எடத்துலதான் உக்காந்திருந்தேன். அவரு இங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்து கோத்ததே இல்லை."

ரங்கநாயகம் இழையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இங்கிருந்து பாத்தா, இழை நீட்டறவங்க மூஞ்சி மட்டுந்தானுங்க தெரியுது. மூணு நாளும் அவரு அதைத்தான் பாத்துட்டு இருந்திருக்காரு. எனக்கு இத்தனை வருஷம் அது தெரியலை."

பூவாத்தாளின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. சிரித்தாள்.

"நான் வேற, முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்னு, மூணு நாளும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தேன்."